வெந்நீர்க் கலம் மாற்றுமுன் ஒரு கணக்கு

சங்கத்தின் சாயச்சாலையிலோ அங்கத்தினர் இல்லத்திலோ உள்ள மின்சார வெந்நீர்க் கலம் பழுதுற்றால், அதே போன்ற மற்றொன்றை வாங்குவதே வழக்கம். மூன்று விலைப்புள்ளிகளைப் பெற்று, குறைந்ததை ஏற்பதோடு நிர்வாகக் குழுவின் கடமை முடிந்ததாகவும் கருதிவிடுகிறோம். ஆனால் கலத்தின் விலை ஒரு முறை கொடுப்பது. மின் கட்டணமோ அது உழைக்கும் காலம் முழுவதும் கொடுப்பது. ஆதலின், இப்போது விற்பனையில் உள்ள ‘ஹீட் பம்ப்’ வெந்நீர்க் கலத்தைப் பற்றி அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

சாதாரணக் கலத்தில் மின்சாரமே கம்பிச் சுருளில் வெப்பமாக மாறுகிறது. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் தராது. ஹீட் பம்ப், சுற்றுப்புறக் காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து நீருக்கு ஏற்றுகிறது. கிணற்று மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழிருந்து மேலே ஏற்றுகிறது அன்றோ? அது போன்றதே இதுவும். நம் பகுதிகளின் வெப்பநிலையில், ஒரு யூனிட் செலவில் ஏறத்தாழ மூன்று யூனிட்டுக்குரிய வெப்பம் பெறலாம். இவ்விகிதத்தையே விற்பனையாளர் ‘சி.ஓ.பி.’ என்பர்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். சாயச்சாலையில் நாள்தோறும் 500 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குச் சூடாக்குவதாகக் கொள்வோம். இதற்கு 15,000 கிலோ கலோரி வேண்டும். சாதாரணக் கலத்துக்குச் சுமார் 17½ யூனிட்; ஹீட் பம்புக்குச் சுமார் 6 யூனிட். ஆண்டுக்கு 300 நாள் வேலையும், யூனிட்டுக்கு 8 ரூபாயும் எனக் கொண்டால், மிச்சம் ஏறத்தாழ 28,000 ரூபாய்.

சமவெளியில் ஒரு குடும்பம் குளிர்கால 90 நாட்கள் மட்டும் தினம் 100 லிட்டர் பயன்படுத்தினால், அதே கட்டணத்தில் மிச்சம் சுமார் 1,700 ரூபாயே. மின்சாரத்தைச் சலுகையில் பெறும் இல்லங்களில் இன்னும் குறையும். ஹீட் பம்பின் விலையோ சாதாரணக் கலத்தைப் போலப் பன்மடங்கு. இரண்டின் விலை வித்தியாசத்தை ஆண்டு மிச்சத்தால் வகுத்தால், போட்ட முதல் எத்தனை ஆண்டுகளில் திரும்பும் என்பது விளங்கும். ஆகவே, சாயச்சாலைக்கு உகந்தது வீட்டுக்கும் உகந்ததாகாது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. பொதுவாக இவ்வகைக் கலம் 55 முதல் 65 டிகிரி வரையே சூடாக்கும். பட்டு நூலின் பசை நீக்கக் கொதிநிலையை ஒட்டிய வெப்பம் வேண்டும். அங்கே முதற்கட்டச் சூட்டுக்கு மட்டுமே இது உதவும். நீர் மெதுவாகவே சூடேறுமாதலால், தொட்டி பெரிதாக இருத்தல் வேண்டும். காற்றோட்டமுள்ள இடமும், கசியும் நீர் வடிய வழியும் தேவை. மலைப்பகுதிக் குளிரில் பயன் குறையும். உப்பு நீரானால் உட்புறம் படிவு சேரும்.

எனவே விலைப்புள்ளி கோரும்போதே, மணிக்கு எத்தனை லிட்டர் சூடாகும், சி.ஓ.பி. எந்தக் காற்று வெப்பநிலையில் கணக்கிடப்பட்டது, தொட்டிக்கும் கம்ப்ரஸருக்கும் தனித்தனியே உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுது பார்ப்பவர் அருகில் உண்டா என்பவற்றை எழுத்தில் பெறுதல் அவசியம். நாள்தோறும் செலவாகும் வெந்நீரை ஒரு வாரம் அளந்து பதிவேட்டில் குறித்த பின்னரே குழு தீர்மானம் நிறைவேற்றட்டும். செலவாவது அங்கத்தினர் அனைவரின் பணம் என்பதை நாம் மறத்தலாகாது.