மடியில் தூங்கிய பூனை பாய்ந்து கடிப்பது ஏன்?
முன்கூட்டியே "சொல்லிவிடும்" வால்! சாக்கில் கட்டி விடுவதால் ஆபத்து கடிபட்டவருக்கே!

"ஐயோ அக்கா! உங்க பூனைக்கு வெறி புடிச்சிடுச்சு! சாக்குல கட்டி மீன் மார்க்கெட்டுல விட்டுட்டு வரச் சொல்லுங்க!"

சென்னையில் நெருக்கடியான ஒண்டுக்குடித்தன வீடுகளில் அடிக்கடி கேட்கிற அலறல் இது.

காலையில் மடியில் படுத்துத் தூங்கிய அதே பூனைதான். சாயங்காலம் வீட்டுக்கார அம்மா துவைத்த துணியோடு ஜன்னல் ஓரமாகப் போகிறார். அவ்வளவுதான். ஒரே பாய்ச்சல்! கெண்டைக்காலில் நாலு பல். ரத்தம்!

அந்த அம்மா பூனையை அடித்தாரா? இல்லை. மிதித்தாரா? அதுவும் இல்லை.

கோபம் யார் மேல்?

ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் விஷயம் விளங்கும். மதில் சுவர் மேல் ஒரு தெருக் கடுவன் உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து வீட்டுப் பூனை உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருக்கும். வெளியே பாய முடியாது, கம்பி தடுக்கிறது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்த கால் மாட்டிக்கொள்கிறது. ஆபீசில் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஆசாமி, வீட்டுக்கு வந்து பிள்ளையின் முதுகில் வைப்பதில்லையா? அதே கதைதான்.

இந்தக் கொதிப்பு உடனே அடங்காது. சில மணி நேரம் இருக்கும். சில பூனைகளுக்கு ஒரு நாள் முழுக்கக்கூட இருக்கும். "என் செல்லத்துக்கு என்ன ஆச்சு?" என்று அப்போது தூக்கிக் கொஞ்சப் போனால் இரண்டாவது கடி நிச்சயம்!

வாலைப் பாருங்கள்

பூனை சொல்லாமல் கடிக்காது. சொன்னது நமக்குப் புரிவதில்லை.

நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் சந்தோஷம். பூனை வாலை இடமும் வலமுமாக வீசி அடித்தால் எரிச்சல்! நாய் வளர்த்துப் பழகியவர்கள் ஏமாறுகிற இடம் இதுதான். முதலில் வால் நுனி மட்டும் துடிக்கும். அப்புறம் வால் முழுக்கத் தரையில் "பட் பட்" என்று விழும். முதுகுத் தோல் சிலிர்த்து ஓடும். காதுகள் பக்கவாட்டில் திரும்பி, பிறகு மண்டையோடு ஒட்டப் படியும். கண்ணின் கருமணி வட்டமாக விரியும். அடித்தொண்டையில் "உர்ர்" கேட்கும். அப்புறம்தான் சீறல், நகம், பல் எல்லாம்!

முதுகை வில்லாக வளைத்து, ரோமம் நட்டுக்கொண்டு, வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி உப்பி நிற்கிற பூனையைப் பார்த்து "என்ன திமிர்!" என்பார்கள். அது திமிர் அல்ல, பயம். தன்னைப் பெரிய ஆளாகக் காட்டி எதிரியை விரட்டப் பார்க்கிறது.

தடவிக் கொடுக்கும்போதே கடிக்கிற பூனையும் உண்டு. "போதும்" என்று வால் நுனி இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கும். டி.வி.யைப் பார்த்துக்கொண்டே தடவினால் அது எப்படித் தெரியும்?

டாக்டர் வீட்டுக்குப் போய்த் திரும்பினாலும் தகராறு வரும். ஒரே தட்டில் சாப்பிட்ட இரண்டு பூனைகளில் ஒன்றை மட்டும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் வந்தால், வீட்டில் இருந்தது அதைப் பார்த்துச் சீறும். காரணம், மருந்து நாற்றம். பழைய கூட்டாளி அந்நியனாகிவிட்டது!

சாக்கு மூட்டை

கோபத்தில் செய்கிற பெரிய தப்பு இதுதான். பூனையைக் கட்டிக்கொண்டு போய்க் கண் காணாத இடத்தில் விட்டுவிடுகிறார்கள். பட்டினி கிடந்து துன்பப்படும்படி வளர்த்த பிராணியைக் கைவிடுவது, 1960-ம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தில் முதல் தடவைக்கு வைத்த அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய். யார் பயப்படுவார்கள்?

பயப்பட வேண்டிய சங்கதி வேறு இருக்கிறது. பூனை மூலமும் வெறிநோய் வரும். கடித்த பூனை பத்து நாள் கழித்தும் ஆரோக்கியமாக உலாவினால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வெறிநோய்க் கிருமி இல்லை என்று டாக்டர்கள் முடிவுக்கு வருவார்கள். பூனையை மார்க்கெட்டில் விட்டுவிட்டு எதைப் பார்த்துச் சொல்வது? சாட்சியை ஊரை விட்டுத் துரத்திய மாதிரி!

அதற்காகப் பத்து நாள் கழித்து ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிடக் கூடாது. கடிபட்ட இடத்தை உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசு ஆஸ்பத்திரிகளில் தடுப்பூசி இலவசம். பூனைக்கு ஊசி போட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய்க் காட்டலாம்.

இன்னொன்று. பூனைப் பல் ஊசி மாதிரி. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும். அது மூடிக்கொண்டு உள்ளே சீழ் வைக்கும். மறுநாள் கை வீங்கிச் சிவந்தால் "தானா சரியாயிடும்" என்று விட்டுவிடக் கூடாது.

வாயில் எச்சில் ஒழுகி, குரல் மாறி, தள்ளாடுகிற பூனையை மட்டும் யாரும் தொடவே கூடாது. அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கால்நடை டாக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும். நகரவாசிகளுக்கு 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

"பழிவாங்கும்" கடுவன்

கட்டிலில், செருப்பில் மூத்திரம் போகிற பூனையைப் பழிவாங்குகிறது என்று விளக்குமாறால் மொத்துகிறவர்கள் உண்டு. பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. மண் தட்டு நாறலாம், புதுப் பூனை வந்திருக்கலாம், வீடு மாறியிருக்கலாம். கடுவன் பூனை உட்கார்ந்து உட்கார்ந்து முக்கியும் சொட்டுக்கூட வராமல் கத்தினால் மூத்திரக்குழாய் அடைத்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோகாவிட்டால் இரண்டொரு நாளில் உயிர் போய்விடும்.

சரி, சீறிக்கொண்டிருக்கும் பூனையை என்ன செய்வது? ஒன்றும் செய்யக் கூடாது! அடி, அதட்டல் எதுவும் வேண்டாம். ஜன்னலில் ஒரு பழைய வேட்டியைத் தொங்கவிட்டுக் கடுவனை மறைத்துவிட்டு, விளக்கை அணைத்து, தண்ணீரும் மண் தட்டும் வைத்துத் தனியே விட்டுவிட வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

அடங்கியதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. எட்ட உட்கார்ந்து, முறைக்காமல், கண்களை மெதுவாகச் சுருக்கி மூடித் திறக்க வேண்டும். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இப்படிச் செய்தால் பூனைகளும் பதிலுக்குக் கண் சிமிட்டின, நீட்டிய கையை நோக்கியும் வந்தன. வீட்டுப் பூனையும் அப்படிச் சிமிட்டினால், சோற்றில் கொஞ்சம் மீன் பிசைந்து தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளலாம்.