பிரேக்கில் தெரியும் ரைடர்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் பூங்காவுக்கு நடக்கப் போகிறவர்களே இன்னும் எழுந்திருக்க மாட்டார்கள். அதற்குள் ஒரு புல்லட் மொத்தத் தெருவையும் எழுப்பிவிட்டுப் போய்விடும். ஹெப்பாள் தாண்டி நந்தி மலைக்குச் சுமார் 60 கி.மீ. பெங்களூரு பைக் பிரியர்களின் வாராந்தரச் சடங்கு இது. ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் எல்லாம் கச்சிதம். அவற்றை மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் ரைடர்களா?

இதற்குப் பதில் இதே ஊரில் இருக்கிறது. பெங்களூருக்காரரான சி.எஸ். சந்தோஷ் 2015இல் டக்கார் ராலியை முழுதாக ஓட்டி முடித்தார். அதைச் செய்த முதல் இந்தியர் அவர். அர்ஜென்டினா, சிலி, பொலிவியா என்று மணலும் மலையுமாக ஏறக்குறைய 9,000 கி.மீ., இரண்டு வாரம். கிடைத்தது 36ஆவது இடம். ‘இதற்கா இத்தனை கொண்டாட்டம்?’ என்று தோன்றலாம். அந்த ஆண்டு பைக்கில் புறப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முடிவுக்கோட்டைப் பார்க்கவே இல்லை. ஆக்சிலரேட்டரை முறுக்கத் தெரிந்தவர்கள்தான் அத்தனை பேரும். எங்கே முறுக்கக் கூடாது என்பதில்தான் வித்தியாசம்.

2021 டக்காரில் சந்தோஷ் விழுந்தார். தலையில் அடிபட்டு, மருத்துவர்கள் அவரைச் செயற்கை மயக்கத்தில் வைத்துச் சிகிச்சை அளிக்க வேண்டியிருந்தது. அந்த நிலை தேறிய ஓட்டுநருக்கும் வரலாம்.

அப்படி விழுந்த இன்னொரு பெங்களூருக்காரர், பைக் பந்தய வீராங்கனை ஐஸ்வர்யா பிஸ்ஸே. 2018இல் ஸ்பெயினில் நடந்த பாஹா என்னும் கரடுமுரடான பாதைப் பந்தயத்தில் விழுந்து கணையத்தில் காயம்பட்டார். மறு ஆண்டே திரும்பி வந்து, சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பின் (எஃப்ஐஎம்) பாஹா உலகக் கோப்பையில் பெண்கள் பட்டத்தை வென்றார்.

சரி, பாலைவனம் கிடக்கட்டும். ரிச்சர்ட்ஸ் டவுன் கிளார்க் ரோட்டில் ஓட்டுகிறவருக்கு என்ன வேண்டும்? முதலில், நிறுத்தத் தெரிய வேண்டும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடும். குறுக்கே நாய் ஓடுவதைக் கண் பார்த்து, கை பிரேக்கைத் தொடுவதற்குள் அந்தத் தூரம் போய்விடுகிறது. நிற்கும் தூரம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும்.

“முன் பிரேக்கைத் தொடாதே, கவுந்துடுவே!” என்று சொல்லிக்கொடுக்காத மாமாவோ அண்ணனோ நம் வீடுகளில் அரிது. பாதி உண்மை. மணலிலோ வளைவிலோ முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் சறுக்கும். ஆனால் நேரான தார்ச்சாலையில் பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால், பாரம் குறைந்த பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்திப் பழக வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்கும்; தூரத்தைக் கணிப்பது ஓட்டுகிறவர் வேலைதான்.

மாமாவிடம் கற்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் நடந்து 1981இல் வெளியான ஆய்வு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்தது. சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தாமாகவோ வீட்டார், நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள்.

பிரேக் பழகுவதோடு ஹெல்மெட்டும் வேண்டும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஹெல்மெட் அணியாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள்.

நந்தி மலை எங்கும் போய்விடாது. வருகிற ஞாயிறு காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்துக்குப் பைக்கை எடுத்துப் போங்கள். ஹெல்மெட் வாரைப் பூட்டிக்கொண்டு 30 கி.மீ. வேகத்தில் வந்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, வண்டி ஆடாமல் நிற்கும்வரை பத்துத் தடவை பழகிப் பாருங்கள்.