பௌத்தரது வினைக்கொள்கையும் அதன் உலகியற் பயனும்

பிறர் மதத்தை மறுக்கப் புகுவார் அதனை முன்னர் உள்ளவாறு எடுத்துரைத்தல் முறையாகும். இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாய் நிற்பது, அருணந்தி சிவாசாரியர் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞான சித்தியாரின் பரபக்கம். உலகாயதம் முதலாக அதன்கண் ஆராயப்படும் மதங்கள் பதினான்கு. அவற்றுள் சௌத்திராந்திகம், யோகாசாரம், மாத்தியமிகம், வைபாடிகம் என்னும் நான்கும் பௌத்தத்தின் பிரிவுகளே. ஒவ்வொன்றற்கும் மதங்கூறல் முன்னும் மறுதலை பின்னுமாக நிற்கும். உலகை நடத்தும் இறைவனும் இல்லை, நிலைபெற்ற உயிரும் இல்லை என்ற ஒரு சமயத்திற்கு இத்துணை இடம் அளித்தது யாதுபற்றி என்னும் ஐயம் கற்பார்க்கு எழும். அச்சமயம் வெறுஞ் சொற்போராய் ஒழியாது, மக்களது ஒழுக்கத்திலும் அறச்செயலிலும் கல்வியிலும் ஆழப் பதிந்த ஆற்றலுடையதாய் இருந்தமையே காரணம் எனலாம். அவ்வாற்றல் எதனினின்று பிறந்தது என்பது ஈண்டு ஆராயப்படும்.

பௌத்தர் கொள்கைக்கு அடிப்படையாவன நால்வகை வாய்மைகள். அவை துக்கம், துக்கத்தின் தோற்றம், அதன் நீக்கம், நீக்கத்திற்குரிய நெறி என்பன. துக்கம் தோன்றும் முறையினைப் பேதைமை முதல் வினைப்பயன் ஈறாகிய பன்னிரண்டு சார்புகளாக வகுப்பர். ஒன்று சார்பாக மற்றொன்று தோன்றும். சார்பு அறின் சார்ந்ததும் அறும். உயிரென வழங்கப்படுவது உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐங்கந்தங்களின் கூட்டமேயன்றி வேறில்லை என்பதும், அவையும் கணந்தோறும் தோன்றிக் கெடுவன என்பதும் அவர் துணிபு. மணிமேகலையின் 30ஆம் காதையில் அறவணவடிகள் பன்னிரு சார்புகளையும் கந்தங்களையும் விளக்கியுரைத்தல் காணலாம்.

அற்றேல், செய்தவன் செய்த கணத்திலேயே கெடுவனாயின், அதன் பயனை நுகர்வான் யாவன் எனின், அதற்கு அவர் கூறும் விடை 'சந்தானம்' என்பது. அஃதாவது இடையறாத் தொடர்ச்சி. மிலிந்தன் என்னும் அரசனும் நாகசேனர் என்னும் தேரரும் உரையாடியதாக அமைந்த பாளி நூலொன்றில் இதற்கு உவமைகள் உள. முன்யாமத்து எரிந்த சுடரும் கடையாமத்து எரியும் சுடரும் ஒன்றெனலும் ஆகா, முற்றும் வேறெனலும் ஆகா. மாங்கனி திருடிய ஒருவன், 'இவன் நட்டது வேறு, யான் கொண்டது வேறு' என்று வழக்காடினும் அரசன் அவனை ஒறுப்பான். கொண்டது நட்டதனின்று வந்ததாகலின். அவ்வாறே, செய்த கந்தத் தொகுதியினின்று தோன்றிய தொகுதி அப்பயனைத் துய்க்கும் என்பர்.

இக்கொள்கை உலகியலில் விளைத்தது யாது? பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொள்ளத்தக்க இறைவனை அது காட்டிற்றில்லை. வேள்வியால் வினை கழியும் என்றும் உரைத்திலது. ஆகவே பொறுப்பு முழுவதும் செயலின்மேல் வந்து நின்றது. மேலும், 'யான்' என்பது பொய்யாயின், 'என் பசி', 'பிறர் பசி' என்னும் வேற்றுமையும் வலியிழந்து போம். அருளறம் அச்சமயத்தில் தலைநின்றது இதனாலேயாம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகன் பொறித்த 2ஆம் பாறைச் சாசனம், மக்களுக்கும் விலங்குகளுக்கும் தன் நாட்டிலேயன்றிச் சோழர், பாண்டியர் முதலியோர் நாடுகளிலும் இலங்கையிலும் மருத்துவம் ஏற்படுத்தியதாகக் கூறும். மருந்துப் பூண்டுகள் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடுவித்தமையும், வழிகளிற் கிணறு தோண்டி மரம் வைத்தமையும் அதன்கண் உள.

தமிழிலே இவ்வறத்தைக் கதையாக்கிக் காட்டியது மணிமேகலை. அமுதசுரபி ஏந்திய அந்நங்கை புகாரிற் பசித்தார்க்கு உணவளித்தாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவித்தாள். வற்கடத்தால் வாடிய காஞ்சியிலும் பசி தீர்த்தாள். கணிகையாகிய மாதவியின் மகள் துறவு பூண்டு, பலவகைச் சமயக்கணக்கரோடு தத்துவம் உசாவுவதாக ஒரு காப்பியம் அமைந்தது, பெண்டிர்க்கும் துறவுநெறி திறந்த சங்கத்தின் செல்வாக்கினாலேயாம். வேள்விப் பசுவைக் காத்த ஆபுத்திரன் பிறப்பால் இகழப்பட்டபோது, முனிவர் சிலரது பிறப்பை எடுத்துக்காட்டி விடை கூறுதலும் அக்கொள்கை பற்றியதே. செய்கையே ஒருவனை ஆக்கும் எனின், பிறப்புப் பற்றி இகழ்தற்கு இடமின்மை தெளிவு.

இனிக் கல்வித்துறை. காண்டல், கருதல் என்னும் இரண்டே அளவை எனக் கொண்ட பௌத்தர் தருக்க நூலை நுணுக்கமாக வளர்த்தனர். மணிமேகலையின் 29ஆம் காதை, ஏதுப்போலி முதலிய குற்றங்களைத் தமிழில் விரிவாக வகுத்துக் காட்டுகின்றது. வீரராசேந்திரன் காலத்தில் (1063–1070) புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டதாகக் கூறும். சிவபெருமானே அகத்தியர்க்குத் தமிழ் அறிவுறுத்தினார் என்பது சைவர் கொள்கை. இருவேறு சமயத்தாரும் தமிழின் தோற்றத்தைத் தத்தம் வழிபடு பொருளோடு இயைத்துக் கூறியதே, அம்மொழியை இருவரும் உரிமை கொண்டாடியதற்குச் சான்றாம்.

இவற்றைச் சைவநெறி எதிர்கொண்டவாற்றைச் சாக்கிய நாயனார் வரலாறு தெளிவுறுத்தும். சங்கமங்கையில் தோன்றிய அவர் காஞ்சியிற் பௌத்தராய் அமர்ந்து பல நூல்களையும் ஆராய்ந்தார். வினை, அதனைச் செய்வான், பயன், பயனைக் கொடுப்பான் என நான்கும் உண்டென்பதே மெய்ந்நெறி எனத் துணிந்து சிவனடி சார்ந்தார் எனச் சேக்கிழார் அருளினார். இந்நான்கனுள் வினையையும் பயனையும் பௌத்தர் உடன்பட்டனர். செய்வானையும் கொடுப்பானையும் மறுத்தனர். எனவே வழக்கு நின்றது பின்கூறிய இரண்டன் மேலேயாம். மேற்காட்டிய மாங்கனி உவமையை நோக்குக. நட்ட விதையும் கொண்ட கனியும் தாமே கள்வனைத் தேடிச் சென்று ஒறுத்தில. இரண்டையும் அறிந்து தீர்ப்பளித்தற்கு அரசன் ஒருவன் வேண்டப்பட்டான். அறிவில்லாத வினை தன் பயனைத் தானே சென்று கூட்டாது என்னும் சித்தாந்தத் துணிபு, மறுதலையார் உவமையினுள்ளேயே மறைந்து நிற்றல் காண்க. வித்து முளைத்தற்குக் கொடுப்பான் வேண்டா என்பரேல், முளைத்தல் வித்தின் இயல்பு. ஒறுத்தல் முறையறிந்தார் செயல் என விடுக்க.

ஆயினும் சாக்கியர் தாம் கொண்ட வேடத்தைத் துறந்திலர். அவ்வுடையோடே நின்று நாடோறும் சிவலிங்கத்தின்மேல் ஒரு கல் எறிந்த அன்பையே பெருமான் பூசையாக ஏற்றார். ஒருநாள் மறந்து உண்ணப் புகுந்தவர், நினைவு வந்தவுடன் உணவை விட்டெழுந்து ஓடினார். சமய வாதத்தில் இம்மியும் விட்டுக்கொடாத ஒரு மரபு, காவியுடுத்த பௌத்த வேடத்தாரை அறுபத்துமூவருள் ஒருவராக வைத்து வணங்குதல் சிந்திக்கற்பாலது.

அரசியலிலும் இதனையொத்த ஒழுகலாறு உண்டு. சிவபாதசேகரன் எனப் பெயர்பூண்டு தஞ்சைப் பெருங்கோயில் எடுப்பித்த முதல் இராசராசன், நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் தொடர்பால் எழுந்த சூடாமணி விகாரத்திற்குத் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். லெய்டன் நகருக்குக் கொண்டுபோகப்பட்டமையின் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர்பெற்றவை இதனைக் கூறுவன. நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பழைய செங்கற் கோபுரம் 1867ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது.

இடிந்தது கோபுரம் மட்டுமன்று. குண்டலகேசியில் இன்று கிடைப்பன சில செய்யுட்களே; அவையும் பிறர் தொகையிலும் எதிர்ச்சமயத்தார் உரையிலும் புகுந்தமையால் எஞ்சின. மறுக்கப்பட்ட நூல் மறைந்துவிடின், மறுப்பின் நுண்மையும் பாதி மறைந்துபோம். திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையர், வழக்கொழிந்த பௌத்தப் பரிபாடைகளை அரிதின் ஆராய்ந்து, மணிமேகலையைத் தம் அரும்பதவுரையோடு 1898இல் வெளியிட்டது இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்தது. சைவத் திருமடத்துக் கல்வி பௌத்த காப்பியமொன்றை உயிர்ப்பித்த செயல் அது.

ஆகவே பரபக்கம் கற்பார் மறுதலைச் செய்யுட்களை மட்டும் நெட்டுருச் செய்து அமைதல் போதாது. மதங்கூறும் செய்யுட்களையும், அவற்றைத் தெளிதற்கு மணிமேகலையின் இறுதிக் காதைகளையும் உடன் ஓதுதல் வேண்டும். செய்வானும் கொடுப்பானும் உண்டென்று தெளிந்த நெறியினர், அவ்விருவரையும் மறுத்தார் பசிப்பிணி தீர்த்தும் மருந்தளித்தும் போற்றிய செயலறத்திற் பின்னிடுவாராயின், அவர் பெற்ற வாதவெற்றி ஏட்டளவினதேயாம் என்க.