சத்தமில்லாத செருப்பை யார் வடிவமைப்பது?

நம் கிராமங்களில் செருப்புச் சத்தத்துக்கும் சாதி உண்டு. பண்ணையாரின் தோல் செருப்பு 'சரக் சரக்' என்று சத்தமிட்டால் அது மிடுக்கு. அந்தச் செருப்பைத் தைத்துக் கொடுத்தவரோ ஊர்த்தெருவுக்குள் நுழைந்ததும் தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கோலாப்பூர் செருப்பில் அடுக்குகளுக்கு நடுவே விதைகளை வைத்து, நடக்கும்போது 'கர் கர்' என்று ஒலிக்கும்படி செய்வார்கள். அந்த ஒலியை உண்டாக்கத் தெரிந்த கைகள் தோல் தொழில் செய்யும் தலித் மக்களின் கைகள். செய்தவர்கள் ஓசையில்லாமல் நடக்க, வாங்கியவர்கள் ஓசையோடு நடந்தார்கள்.

இது முடிந்துபோன பழங்கதை அல்ல. திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்திலுள்ள ராஜாவூரில், தலித்துகள் செருப்பணிந்து போக முடியாதிருந்த ஒரு தெருவில், ஏறத்தாழ 60 பேர் செருப்புக் காலோடு நடந்தது 2023 டிசம்பரில்தான். பொது இடத்தில் தலித்துகள், பழங்குடியினர் செருப்பணிவதைத் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அதைச் சேர்த்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறைத்தண்டனை. படிக்கிற பிள்ளைகள் இந்தப் பிரிவைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

செருப்பு அணியும் உரிமைக்காகப் பேசிவந்த நாம், செருப்பை வடிவமைக்கும் உரிமையைப் பற்றி அதிகம் பேசவில்லை. காட்டிலும் மலையிலும் வயலிலும் சத்தமில்லாமல், வழுக்காமல் நடக்க உதவும் காலணி இன்று தனி அறிவியலாக வளர்ந்திருக்கிறது. அந்த அறிவியலின் அடிப்படை நம் தெருவோரத் தொழிலாளிக்குத் தெரியாத ஒன்றல்ல.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

நடக்கும்போது பெரும்பாலும் குதிகால்தான் முதலில் தரையைத் தொடுகிறது. உடலின் எடை ஒரே நொடியில், ஒரே இடத்தில், கெட்டியான அடிப்பாகத்தின் வழியாக இறங்கினால் 'டக்' என்று கேட்கும். அந்த எடை கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்து, கூடுதல் பரப்பில் இறங்கினால் சத்தம் குறையும். அதனால்தான் சத்தமில்லாத காலணியின் குதிகால் விளிம்பைச் சரிவாகச் சீவிவிடுகிறார்கள். அடித்தோலுக்கும் பாதத்துக்கும் நடுவே காற்றுக்குமிழ் நிறைந்த மெத்தென்ற நுரை அடுக்கு வைக்கிறார்கள். யானையின் பாதத்தில் இயற்கை செய்திருப்பதும் இதுதான். அதன் குதிகாலுக்கு அடியில் கொழுப்பாலான பெரிய மெத்தை இருக்கிறது. பாதத்தின் அடித்தோலில் உள்ள வரிகளும் வெடிப்புகளும் தரையைப் பிடித்துக்கொள்கின்றன. அவ்வளவு பெரிய உடம்பு புதருக்குள் வந்து நிற்பது நமக்குக் கேட்காமல் போவதற்கு அந்தப் பாதமும் ஒரு காரணம்.

இரண்டாவது சத்தம் செருப்பு குதிகாலில் வந்து அடிப்பது. பின்வார் வைத்தாலே இது நின்றுவிடும். மூன்றாவது, தோலும் தோலும், ரப்பரும் அட்டையும் உரசி எழும் கிறீச்சொலி. அடுக்குகளைச் சரியாக ஒட்டித் தைக்காததும், உள்ளே ஈரம் புகுவதும் இதற்குக் காரணம். நான்காவது, காலடியில் நொறுங்கும் சுள்ளியும் சருகும். வளையக்கூடிய மெல்லிய அடித்தோல் இருந்தால், முழு எடையை இறக்குமுன் கீழே சுள்ளி இருப்பதைப் பாதமே உணர்ந்துகொள்ளும். வட அமெரிக்கப் பூர்வகுடி மக்கள் மான்தோலில் செய்த மொக்கசின் காலணியின் அருமை இதில்தான் இருந்தது.

பிடிப்பு எப்படி வருகிறது?

பிடிப்பின் கதை தரைக்குத் தரை மாறும். சேற்றில் நடக்க ஆழமான பற்கள் வேண்டும். அவை மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும். பற்கள் நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு அடிப்பாகம் மொழுமொழு என்றாகிவிடும். இடைவெளி விட்டு வைத்தால் நடக்க நடக்கச் சேறு உதிர்ந்துவிடும். ஏறும்போது முன்பாதப் பற்கள் தள்ள வேண்டும், இறங்கும்போது குதிகால் பற்கள் தடுக்க வேண்டும். ஆகவே இரண்டையும் எதிரெதிர் திசையில் அமைக்கிறார்கள்.

ஈரப்பாறை வேறு கணக்கு. அங்கே வழுக்க வைப்பது காலுக்கும் பாறைக்கும் நடுவே நிற்கும் மெல்லிய நீர்ப்படலம். அந்த நீர் வெளியேற வழி வேண்டும். அடி ரப்பரில் கத்தியால் கீறியதுபோன்ற நுண்ணிய வெட்டுகள் இருந்தால் அவை நீரை ஒதுக்கி, விளிம்புகளால் தரையைப் பற்றும். பால் ஸ்பெரி என்ற அமெரிக்கர், தன் நாய் பனியில் வழுக்காமல் ஓடுவதையும் அதன் பாதத்தில் இருந்த வெடிப்புகளையும் பார்த்து, ரப்பரில் அதேபோல் கீறிப் படகில் அணியும் காலணியை 1935இல் உருவாக்கினார். அதே ஆண்டில் ஆல்ப்ஸ் மலையில் நடந்த விபத்தில் 6 பேர் இறந்தார்கள். பொருத்தமில்லாத காலணியும் அதற்கு ஒரு காரணம். அவர்களோடு சென்றிருந்த இத்தாலிய வழிகாட்டி விட்டாலே பிரமானி, மலையேறுவோருக்கான பல் வைத்த ரப்பர் அடிப்பாகத்தை 1937இல் கொண்டுவந்தார். அவர் பெயரையும் குடும்பப் பெயரையும் சேர்த்து உருவான 'விப்ரம்' இன்று உலகம் முழுக்க விற்கிறது.

ஒன்றைக் கூட்டினால் ஒன்று குறையும்

சத்தமின்மையும் பிடிப்பும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. ஆழமான கெட்டிப் பற்கள் சேற்றில் உதவும், கல் தரையில் தடதடக்கும், சரளையை உருட்டிவிடும். மென்மையான ரப்பர் சத்தத்தைக் குறைக்கும், பாறையைக் கவ்வும், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். கெட்டி ரப்பர் பல ஆண்டு உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். வடிவமைப்பு என்பதே இந்தப் பேரத்தை யாருக்காகப் பேசுகிறோம் என்பதுதான்.

வேட்டைத் தடுப்புக் காவலராக முதுமலையிலோ ஆனைமலையிலோ ரோந்து போகும் பழங்குடி இளைஞருக்குச் சத்தமின்மை முதல் தேவை. யானை இருப்பது அவருக்குத் தெரியுமுன் அவர் இருப்பது யானைக்குத் தெரியக்கூடாது. வால்பாறைத் தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஈரச் சரிவில் பிடிப்புதான் உயிர். சாக்கடை ஓரத்தில் நிற்கும் தூய்மைப் பணியாளருக்கு எண்ணெயும் கழிவும் படர்ந்த தரையில் வழுக்காத, கண்ணாடித் துண்டு குத்தாத காலணி வேண்டும். இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும் கூலித் தொழிலாளிக்கோ சத்தமில்லாத செருப்பு ஆகவே ஆகாது. தரையின் அதிர்வைப் பாம்பு உணரும். அழுத்தி நடந்தால் பெரும்பாலும் அது விலகிப்போகும். அவருக்கு வேண்டியது கணுக்கால் வரை மூடிய, வரப்புச் சேற்றில் கழன்று போகாத, விலை கட்டுப்படியாகும் காலணி. கையில் ஒரு டார்ச் விளக்கும் வேண்டும்.

இந்த நான்கு பேரின் தேவையும் நான்கு விதம். கடையில் இவர்களுக்கு என்று என்ன இருக்கிறது? வழுவழுப்பான ரப்பர் செருப்பு இருக்கிறது. காலுக்குப் பொருந்தாத கம்பூட் இருக்கிறது. பாதத்தின் அச்சாக வைத்துக் காலணி செய்யும் கட்டையைக்கூட யாருடைய காலுக்கு அளந்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களின் பாதம் அகலமாக இருக்கும் என்பதைத் தென்னிந்தியரிடம் நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குறுகிய கட்டையில் செய்த பூட்ஸ் அந்தப் பாதத்தைக் கடிக்கும். கடித்தால் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை பார்ப்பார்கள். பிறகு 'பாதுகாப்புக் காலணி கொடுத்தோம், அவர்கள்தான் போடவில்லை' என்று பழி அவர்கள் மேலேயே விழும்.

டயர் செருப்பும் ஒரு வடிவமைப்பே

பழைய டயரை அறுத்து அடிப்பாகமாக்கித் தைத்த செருப்பு நம் வீடுகளில் இருந்தது. தேய்மானத்தைத் தாங்கும் ரப்பர், ஏற்கெனவே நீர் ஒதுக்கும் வரிகள், கைக்கெட்டும் விலை. வரி தேய்ந்துபோன டயராக இருந்தால் உளியால் குறுக்கே கீறிக் கொடுத்த தொழிலாளிகளும் உண்டு. ஸ்பெரி செய்ததும் ரப்பரில் கீறியதுதான். அவர் பெயரில் காலணி விற்கிறது. நம் ஊர்ச் சாலையோரத்தில் குத்தூசியோடு உட்கார்ந்திருந்தவரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

2025 ஜூனில் மிலான் நகரக் காட்சியில் இத்தாலியின் பிராடா நிறுவனம் கோலாப்பூர் செருப்பைப் போன்ற ஒன்றை, அதன் பெயரைச் சொல்லாமலே, மேடையேற்றியது. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் இந்தியக் கைவினையிலிருந்து பெற்றது என்று ஒப்புக்கொண்டது. கோலாப்பூர் செருப்புக்கு 2019லேயே புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. கை வேலைக்குக் கூலியும், மூளை வேலைக்குப் பெயரும் என்ற பழைய பிரிவினை மிலானிலும் நடக்கிறது, ஆம்பூரிலும் நடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத் தோல், காலணித் தொழிற்சாலைகளில் வெட்டவும் தைக்கவும் ஒட்டவும் நம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், இருக்கிறார்கள். வடிவமைப்பு அறைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

படிக்கலாம், சோதிக்கலாம்

அந்த அறைக்குப் போகும் வழிகள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இயங்குகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் தோல் தொழில்நுட்பத்தில் பி.டெக். படிக்கலாம். பொறியியல் கலந்தாய்வு வழியாகவே இடம். அதில் ஆதிதிராவிடருக்கு 18 விழுக்காடும், அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் காலணி வடிவமைப்பு மேம்பாட்டு நிறுவனத்தின் வளாகமும், கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பற்றிப் பள்ளியிலும், திறன் பயிற்சி, தொழில் கடன் பற்றி மாவட்ட தாட்கோ அலுவலகத்திலும் கேளுங்கள். 'செருப்பு வேலையா?' என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். சாதி சுமத்திய வேலையைத் தலைமுறைக் கட்டாயமாகச் செய்வது வேறு. விரும்பிப் படித்துப் பொறியாளராகி அந்த அறிவை ஆள்வது வேறு.

அதற்கு முன், பள்ளி மாணவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு பலகையை நனைத்து, அதன்மேல் செருப்பை வைத்து உள்ளே ஒரு செங்கல்லை வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். செருப்பு வழுக்கத் தொடங்கும் கோணத்தைப் பாகைமானியால் அளங்கள். அந்தக் கோணத்தின் டான் மதிப்புதான் உராய்வுக் கெழு. 20 பாகையில் வழுக்கினால் 0.36, 30 பாகை வரை தாங்கினால் 0.58. புதிய செருப்பு, தேய்ந்த செருப்பு, டயர் செருப்பு என மாற்றி மாற்றிப் பாருங்கள். அம்மாவின் வேலைச் செருப்பையும் வைத்துப் பாருங்கள். எந்தத் தரையில் எத்தனை முறை வழுக்கியது என்று அவரிடமே கேட்டு எழுதுங்கள். வடிவமைப்பாளரின் முதல் குறிப்பேடு அப்படித்தான் தொடங்கும்.

நம் பாட்டன்மார் ஓசையில்லாமல் நடந்தது அடிக்குப் பயந்து. நம் பேரப்பிள்ளைகள் ஓசையில்லாமல் நடக்க வேண்டும் என்றால் அது காட்டு ரோந்துக்காக இருக்கட்டும். அந்தக் காலணியை வரைந்தவரின் பெயரும் அதன் மேல் இருக்கட்டும்.