மணத்துக்குத்தான் காசு

மல்லி விதையில் இருக்கும் வாசனை எண்ணெய் பெரும்பாலும் 1 சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. சீரகத்திலும் மிளகிலும் 2 முதல் 4 சதவீதம் தேறும். கிராம்பு ஒன்றுதான் 15, 20 என்று தாராளமாகக் கொடுக்கிறது. மீதியெல்லாம் நாரும் மாவும் தோலும். மளிகைக் கடையில் நாம் காசு கொடுப்பது பெரும்பாலும் அந்தச் சிறு பங்குக்காகத்தான். அந்த எண்ணெய் காற்றில் பறக்கும் இயல்புடையது. பறப்பதால்தான் மூக்குக்கு எட்டுகிறது, பறப்பதால்தான் தீர்ந்தும் போகிறது. விதை முழுதாக இருக்கும்வரை தோலும் உள்ளிருக்கும் உயிரணுச் சுவர்களும் அதை அடக்கி வைத்திருக்கும். அரைத்துவிட்டால் அந்தத் தடை போய்விடும். ஆகவே, வாசனை மாறாத சாமான் விற்கும் கடை பக்கத்துத் தெருவில் வேண்டும் என்று கேட்பதை நாக்கு ருசி பிடித்தவர்களின் ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. மணம் போன மல்லித்தூளில், நாம் வாங்கப் போன பொருளே இல்லை.

இந்த நஷ்டம் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் காரம். மிளகுக்கு உறைப்பு தரும் பைப்பரினும் மிளகாய்க்கு எரிவு தரும் கேப்சைசினும் எளிதில் ஆவியாகிப் போகிறவை அல்ல. பல மாதம் டப்பாவில் கிடந்த தூளும் நாக்கைச் சுடும், குழம்புக்கு நிறம் கொடுக்கும். ஏதோ குறைகிறதே என்று சமைப்பவர் இன்னொரு கரண்டி அள்ளிப் போடுவார். உறைப்பு கூடும், அடிநாக்கில் கசப்பு தட்டும், தேடிய வாசனை மட்டும் வராது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான். சளி பிடித்தவருக்குச் சாப்பாடு சப்பென்று இருப்பதை நினைத்தாலே இது விளங்கும்.

புனேயின் மேற்கில், ஹிஞ்சவடி கணினி நிறுவனங்களுக்குப் போகும் பக்கம் இருக்கிற பாணேரை வைத்து, பக்கத்துத் தெருக் கடை ஏன் வேண்டும் என்பதைப் பேசலாம். 1990களின் பிற்பகுதியில் மாநகராட்சியோடு சேரும்வரை குன்றும் குகைக்கோயிலுமாக இருந்த கிராமம் அது. இன்று அடுக்குமாடிகள் நிறைந்த புறநகர். தமிழர்கள் உட்படப் பல மாநிலத்தார் அங்கே குடியிருக்கிறார்கள். புனே மராத்திய வீடுகளின் அடையாளம் கோடா மசாலா. மல்லி, சீரகம், எள், கொப்பரை, பட்டை, கிராம்பு, கல்பாசி, நாகேசரம் என்று பலவற்றைத் தனித்தனியே எண்ணெயில் வறுத்து இடிப்பார்கள். ஆம்ட்டி என்கிற பருப்புக் குழம்பும், மசாலா அடைத்த கத்தரிக்காயும் அதில்தான் உயிர்பெறுகின்றன. செட்டிநாட்டுக் கறிக்குக் கல்பாசி தேடுகிற தமிழர், பாணேரில் ஒரு மளிகைக் கடையில் ‘தகட்பூல்’ என்று கேட்டால் போதும். எந்தச் சரக்கை அந்தத் தெருக்காரர்கள் விடாமல் வாங்குகிறார்களோ, அது கடையில் தேங்காது. கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வாங்க ஆளில்லாத சாதிபத்திரி அவரிடம் பழசாகத்தான் இருக்கும். எனவே பக்கத்துக் கடையின் சரக்கு பழசாகாமல் காப்பதில் வாங்குகிறவர்களுக்கும் பங்கு உண்டு.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அரைத்ததும் மணம் பறக்கும் என்றால், மராத்தியப் பெண்கள் ஏப்ரல், மே மாதங்களில் வருஷம் முழுமைக்குமான மசாலாவை ஒரே தடவையில் இடித்து வைக்கிறார்களே, நம் ஊரிலும் கோடையில் மிளகாயும் மல்லியும் மொட்டைமாடியில் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோகிறோமே, அவர்களெல்லாம் அறியாதவர்களா? அந்த வழக்கத்தைக் காலண்டரோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குஜராத்தில் சீரகம் பிப்ரவரி, மார்ச்சில் அறுவடையாகி உஞ்ஜா சந்தைக்கு வருகிறது. ராஜஸ்தான் மல்லியும் குண்டூர், பியாடகி மிளகாயும் ஏறக்குறைய அதே பருவம். சாங்லியிலும் ஈரோட்டிலும் மஞ்சள் வரத்து அப்போதுதான் மிகும். ஆக, கோடையில் இடிப்பவர்கள் புதுச்சரக்கை இடிக்கிறார்கள். மழைக்கு முன் வெயிலில் ஈரத்தை வற்றவைக்கிறார்கள், எண்ணெயில் வறுத்து, பெருங்காயக் கட்டி போட்டு, பீங்கான் பரணியில் அழுத்தி அடைக்கிறார்கள். அப்படியும் வருஷக் கடைசியில் மணம் குறையத்தான் செய்யும். ஆனால் எந்த அறுவடைச் சரக்கு, எப்போது இடித்தது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். அரைக்கும் விதமும் இதில் சேரும். வேகமாகச் சுழலும் ஆலை இயந்திரத்துக்குள் சூடு 90 டிகிரியைக்கூடத் தொடும், எண்ணெயில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனைச் செலுத்திக் குளிரக் குளிர அரைக்கும் முறை வந்ததே அதனால்தான். மராத்தியத் தெருக்களில் ‘மிர்ச்சி காண்டப்’ என்று பலகை வைத்திருக்கும் இடங்களில், உலக்கை மாதிரி ஏறி இறங்கிக் குத்தும் இயந்திரங்கள் இருக்கும். அவை அரைப்பதில்லை, இடிக்கின்றன, சூடும் குறைவு.

அடுத்த ஆட்சேபம் கனமானது. உதிரிச் சரக்கில் தூசி, கலப்படம், பொட்டலமே பாதுகாப்பு என்கிறார்கள். பொடிக்கு இது முழுக்கச் சரி. மிளகாய்த்தூளில் சாயமும் மஞ்சள்தூளில் ஈய வேதிப்பொருளும் கலந்து பிடிபட்டதுண்டு. பொடித்த மசாலாவை உதிரியாக விற்கக் கூடாது என்று 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளும் தடுக்கின்றன. என் வாதம் முழுச் சரக்குக்கானது, அதில் ஏமாற்றினால் கண்டுபிடிக்க முடியும். தண்ணீரில் போட்டால் நல்ல கிராம்பு மூழ்கும், எண்ணெய் உறிஞ்சி எடுத்த சக்கை மிதக்கும். மிளகோடு கலந்த பப்பாளி விதையும் மிதக்கும். சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்துக் கை கறுத்தால், கரி பூசிய புல்விதை கலந்திருக்கிறது. பூச்சிமருந்து எச்சத்தை இப்படிக் கையால் கண்டுபிடிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொட்டலமும் அதற்கு உத்தரவாதம் தருவதில்லை. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் இந்தியாவின் பெயர்பெற்ற நிறுவனங்களின் சில மசாலாப் பொட்டலங்களில் எத்திலீன் ஆக்சைடு இருந்ததாகச் சொல்லி விற்பனையை நிறுத்தின. கிருமிகளைக் கொல்லப் பயன்படுத்தும் வாயு அது.

பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வருகிற செயலிச் சேவை இருக்க, கடைக்கு எதற்குப் போக வேண்டும் என்று பாணேர் மாதிரியான இடங்களில் கேட்பார்கள். வண்டி வேகமாக வருவதால் உள்ளே இருக்கும் தூள் புதிதாகிவிடாது. உறையில் அச்சிட்ட தேதி பெரும்பாலும் அடைத்த நாளைத்தான் சொல்லும், அறுவடையை அல்ல. கடையிலோ ஓர் ஏலக்காயை உடைத்து மோந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் வாங்காமல் திரும்பலாம். நேரமில்லை என்பதும் ஓரளவுக்கே உண்மை. இரு வாரத்துக்கான மல்லியையும் சீரகத்தையும் மிளகையும் லேசாகச் சூடேற்றி, ஆறவிட்டு, மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டினால் கால் மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் இந்த விதி பொருந்தாது. விரலி மஞ்சள் கல் மாதிரி இறுகியது, வீட்டு மிக்சி தாங்காது. அதை மில்லில் கொடுத்து அரைக்கலாம், அல்லது நம்பகமான பொட்டலத்தில் சிறிதாக வாங்கி வெளிச்சம் படாமல் வைக்கலாம். பெருங்காயத்தையும் மூடி இறுகிய டப்பாவில் வாங்குவதே சரி.