பலியும் பரிகாரமும்

சென்ற ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமைக்கு இரு நாள் முன்னர், நம்முடன் பார்சல் அலுவலகத்தில் பணிபுரியும் தமிழ் அன்பர் ஒருவர், "ஐயா, தப்பாக எண்ண வேண்டாம். ஒருவன் செய்த பாவத்துக்கு மற்றொருவர் சிலுவையில் மாள்வது எந்த ஊர் நியாயம்?" என்று வினவினார். அவர் சைவக் குடும்பத்தினர், ஏளனமாகக் கேட்டாரல்லர். எனினும் அவ்வினா நம் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

கிறிஸ்தவர் கூறும் பலியின் பொருள் யூதரின் வழிபாட்டில் வேரூன்றியது. பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 16-ஆம் அதிகாரம் பாவநிவாரண நாளை விவரிக்கின்றது. ஆண்டுக்கொரு முறை, ஏழாம் மாதம் பத்தாம் நாள், பிரதான ஆசாரியர் முதலில் தம் பாவத்துக்காகவே ஒரு காளையைப் பலியிடுவார். பின்னர் மக்களுக்காக இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களை நிறுத்திச் சீட்டுப் போடுவார். ஒன்று பலியாகும். மற்றதன் தலைமேல் இரு கைகளையும் வைத்து, மக்களின் குற்றங்களை அறிக்கையிட்டு, அதனை வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார். ஒன்று உயிரைத் தந்தது. மற்றொன்று சுமையைக் கொண்டு சென்றது. கி.பி. 70-இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தபின் இப்பலிகள் நின்றன. யூதர் இன்றும் அந்நாளை நோன்பாலும் மன்றாட்டாலும் அனுசரிக்கின்றனர்.

இயேசுவின் மரணத்தில் இப்பலிகள் யாவும் நிறைவு பெற்றன என்பது கிறிஸ்தவ விசுவாசம். ஆண்டுதோறும் செலுத்தப்பட்டதற்கு மாறாக இது ஒரே முறை செலுத்தப்பட்டது என்றும், ஆசாரியரும் பலியும் அவர் ஒருவரே என்றும் எபிரெயர் நிருபம் விளக்குகின்றது. வழக்கமாக மனிதன் கடவுளுக்குக் கொடுப்பான். இங்கே கடவுளே மனிதனுக்காகக் கொடுக்கிறார். அதுவும் பலவந்தத்தால் அன்று. தம் உயிரை எவரும் பறிக்கவில்லை, தாமே அதனைக் கொடுப்பதாக இயேசு கூறியதை யோவான் சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தில் காணலாம்.

இது எவ்வாறு பாவத்தைத் தீர்க்கிறது என்பதில் அறிஞர் பலவாறு உரைத்தனர். 1098-இல் தம் நூலை முடித்த அன்செல்ம், பாவத்தைக் கடவுளுக்குச் செலுத்தவேண்டிய கடனாகக் கண்டார்: கடன் மனிதனுடையது, தீர்க்கும் ஆற்றலோ கடவுளுக்கே உரியது, ஆதலின் கடவுள் மனிதரானார் என்பது அவர் கருத்து. அவருக்குப் பின்வந்த அபெலார்டோ, சிலுவையில் வெளிப்பட்ட அன்பே கல்நெஞ்சையும் உருக்கித் திருத்துகிறது என்பதை வற்புறுத்தினார்.

ஆயின், பலி ஒன்று நிகழ்ந்துவிட்டது, இனி நமக்குக் கடமையில்லை என்று எண்ணுவது பெரும் பிழை. அயலானை வஞ்சித்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டிக் கொடுத்த பின்னரே பலி செலுத்த வேண்டும் என்கிறது லேவியராகமம் 6-ஆம் அதிகாரம். சகோதரனுக்கு உன்மேல் குறையிருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் அவனோடு ஒப்புரவாகு என்பது மலைப்பிரசங்கத்தில் இயேசுவின் கட்டளை.

இனி அந்த முள்ளைப்பற்றிக் கூறுவோம். அதற்குச் சில மாதங்களுக்கு முன், அவ்வன்பர் உணவருந்தச் சென்றபோது அவரிடத்தில் நாம் அமர்ந்தோம். அப்போது ஒரு பார்சலின் எடையைத் தவறாகக் குறித்துக் கட்டணம் குறைவாக வசூலித்துவிட்டோம். பிழை பின்னர்த் தணிக்கையில் வெளிப்பட்டது. பணிப்பட்டியலில் அவர் பெயர் இருந்தமையால் அவரிடம் விளக்கம் கேட்டனர், ஊதியத்தில் ரூ.600 பிடித்தனர். ரசீது நகலில் இருந்தது நம் கையெழுத்து. அதனைக் கண்டும் நாம் வாய் திறக்கவில்லை. நம் பிழைக்காகத் தாம் தண்டம் செலுத்தியதை அறியாமலே அவர் அவ்வினாவை நம்மிடம் கேட்டார்!

பெரிய வெள்ளி ஆராதனையில் நம்மால் தலைநிமிர இயலவில்லை. மறுநாள் அவர் இல்லம் சென்று உண்மையைக் கூறி, ரூ.720-ஐ அவர்முன் வைத்தோம். நெடுநேரம் மௌனமாயிருந்த அவர், "பணம் போகட்டும் ஐயா. என் பேரல்லவா கெட்டது?" என்றார். திங்களன்று மேலதிகாரிக்கு நம் குற்றத்தை எழுத்தில் கொடுத்தோம். நமக்கு எச்சரிக்கை வந்தது. அவர் பெயர் துலங்கியது. அன்று மாலை அவர் ரூ.120-ஐ நம் சட்டைப்பையில் திருப்பி வைத்து, "முதல் போதும், வாருங்கள், தேநீர் அருந்துவோம்" என்றார்.

அவர் வினாவுக்கு அன்றே நமக்கு விடை கிடைத்தது. அறியாதவர்மேல் நம் சுமையை ஏற்றுதல் அநியாயம். அறிந்தே பிறர் சுமையை ஏற்று மன்னித்தலே பலி. பணத்தையும் பெயரையும் நம்மால் திருப்பித்தர முடிந்தது. அவர் பட்ட அவமானத்தையோ திருப்பித்தர இயலவில்லை. அதனை அவரே தாங்கிக்கொண்டு நம்மை மன்னித்தார். மன்னிப்பு எவருக்கும் இலவசமாய்க் கிட்டுவதன்று. மன்னிப்பவர் அதன் விலையைச் செலுத்துகிறார். கல்வாரி மலையில் கடவுள் செலுத்தியது அவ்விலையே என்று கிறிஸ்தவர் நம்புகின்றனர்.