சிரிப்பவரின் சம்மதம்

பாலியல் வன்முறையைப் பற்றி நகைச்சுவை செய்யலாமா என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. மரணம், போர், பஞ்சம் என்று மனிதர் எதைத்தான் சிரிப்பாக்காமல் விட்டார்கள், இதற்கு மட்டும் ஏன் தனிவிலக்கு என்பது ஒன்று. பாதிக்கப்பட்டவரின் வேதனை எவருடைய பொழுதுபோக்குக்கும் உரியதன்று என்பது மற்றொன்று. இரண்டும் பேசுபொருளை மட்டுமே பார்க்கின்றன. ஒரு நகைச்சுவை தன்னைக் கேட்பவரிடம் எதை உண்மையென்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

இந்த விவாதம் அமெரிக்காவில் சூடுபிடித்தது 2012ஆம் ஆண்டு ஜூலையில். டேனியல் டாஷ் என்ற மேடை நகைச்சுவையாளர் ஹாலிவுட்டின் 'லாஃப் ஃபேக்டரி' அரங்கில் வன்புணர்வைப் பற்றிய நகைச்சுவையைத் தொடங்கியபோது, பார்வையாளர் வரிசையிலிருந்த ஒரு பெண் அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்று குரல் எழுப்பினார். அந்தப் பெண்ணுக்கே இப்போது அப்படி நேர்ந்தால் எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்று டாஷ் அரங்கத்தைக் கேட்டதாகச் செய்தி பரவியது. சொன்ன சொற்கள் எவை என்பதில் தகராறு இருந்தாலும் அவர் மன்னிப்புக் கேட்டார். எழுத்தாளர் லிண்டி வெஸ்ட் அப்போது எழுதிய கட்டுரை தடை எதையும் கோரவில்லை. வன்புணர்வைப் பற்றி நல்ல நகைச்சுவையும் உண்டு, ஆனால் அதில் சிரிப்புக்கு ஆளாகிறவர் பாதிக்கப்பட்டவராக இருப்பதில்லை என்பதே அவர் வாதம். 'எதையும் பேசலாம்' என்ற கட்சிக்கு மூத்தவர் மேடை நகைச்சுவையாளர் ஜார்ஜ் கார்லின். எந்த நகைச்சுவையும் அது கட்டப்படும் விதத்தைப் பொறுத்தது என்று 1990இலேயே சொன்னவர். அதை மெய்ப்பிக்க அவர் எடுத்துக்கொண்ட பாத்திரங்கள் கார்ட்டூன் உருவங்கள், அதிலும் இரண்டும் ஆண்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சிரிப்பில் யார் யாருக்கு என்ன பங்கு என்பதை 1905ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தவர் சிக்மண்ட் ஃபிராய்ட். சொற்களோடு விளையாடுவதையே நோக்கமாகக் கொண்ட நகைச்சுவை ஒருவகை. பகையையோ காமத்தையோ மறைவாக வெளியிடும் நகைச்சுவை மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகைக்கு மூன்று பேர் தேவை என்றார் அவர்: சொல்பவர், இலக்காகும் மனிதர், சிரிப்பவர். ஆபாச நகைச்சுவையில் சொல்பவர் ஆண். தன் விருப்பத்துக்கு இணங்காத பெண் இலக்கு. சிரிக்கும் மூன்றாமவர் இன்னோர் ஆண். அந்தப் பெண் அந்த இடத்தில் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. இதில் மூன்றாமவர் வெறும் பார்வையாளர் அல்லர். அவர் சிரிக்கும்போதுதான் நகைச்சுவை முழுமையடைகிறது, சிரித்த கணத்தில் அவர் சொன்னவரின் கூட்டாளியாகிறார். ஃபிராய்டின் பல முடிவுகள் பெண்களுக்கு நியாயம் செய்தவை அல்ல என்றாலும், இந்த அவதானிப்பு நூறாண்டு கடந்தும் பயன்படுகிறது.

மூன்று பேரும் இடம் மாறும் நகைச்சுவைகளும் உண்டு. அமெரிக்க நகைச்சுவையாளர் வாண்டா சைக்ஸ் 2006இல் நிகழ்த்திய ஒரு பகுதியில், பெண்கள் தம் உடலின் ஓர் உறுப்பைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வெளியே போக முடிந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று கற்பனை செய்கிறார். அவையோர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வது, ஒரு பெண் இரவில் நடந்துபோவதற்கே இவ்வளவு முன்யோசனை தேவைப்படுகிறது என்ற உண்மையை. இந்தியாவில் ஏ.ஐ.பி. என்ற நகைச்சுவைக் குழு 2013 செப்டம்பரில் வெளியிட்ட 'இட்ஸ் யுவர் ஃபால்ட்' என்ற காணொளியில் இரண்டு பெண்கள் புன்னகை மாறாமல் வன்புணர்வுக்குத் தாங்களே காரணம் என்று விளக்கம் சொல்லிக்கொண்டு போகிறார்கள். தாக்குபவனை 'அண்ணா' என்று அழைத்தால் தப்பிக்கலாம் என்பது போன்ற யோசனைகளை அந்த ஆண்டில் பொதுவாழ்வில் இருந்தவர்கள் மெய்யாகவே சொல்லியிருந்ததால், குழுவினர் பெரிதாகக் கற்பனை செய்யவேண்டி இருக்கவில்லை. அதே குழு 2018இல், தன்னோடு பணியாற்றிய ஒருவர்மீது புகார் இருப்பது தெரிந்த பிறகும் அவரோடு தொடர்ந்து வேலை செய்ததாக ஒப்புக்கொண்டு முடங்கிப்போனது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். நகைச்சுவையின் நேர்மை அதைச் சொன்னவரின் நேர்மைக்குச் சான்றாகிவிடாது.

இவ்வகையில் விளைவு பெரிதாக இருந்தது நகைச்சுவையாளர் ஹானிபல் புரெஸ் 2014 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவில் பேசிய சில நிமிடங்கள். ஊருக்கு ஒழுக்கம் போதித்துவந்த நகைச்சுவை நடிகர் பில் காஸ்பிமீது வன்புணர்வுக் குற்றச்சாட்டுகள் இருப்பதை அவர் நினைவூட்டினார். புதிய செய்தி எதுவும் அதில் இல்லை. பல ஆண்டுகளாக நாளிதழ்களில் வந்திருந்ததுதான். ஆனால் கைபேசியில் பதிவான அந்தத் துண்டு பரவிய பின் ஏராளமான பெண்கள் வெளிப்படையாகப் பேசினர். காஸ்பி 2018இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஆனால் அவர்மீது வழக்குத் தொடரப்படாது என்று முன்பிருந்த அரசு வழக்குரைஞர் அளித்த உறுதியைக் காரணம் காட்டி பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2021இல் அத்தீர்ப்பை ரத்து செய்தது.

பாதிக்கப்பட்டவரே சொன்னால் எல்லாம் சரியாகிவிடுமா என்பதும் அவ்வளவு எளிய கேள்வியன்று. ஆஸ்திரேலியக் கலைஞர் ஹானா கேட்ஸ்பி 'நானெட்' என்ற நிகழ்ச்சியில் (நெட்ஃபிளிக்ஸில் 2018இல் வெளியானது) தம் கலையையே விசாரணைக்கு உட்படுத்தினார். நகைச்சுவை ஓர் இறுக்கத்தை உண்டாக்கிச் சிரிப்பால் அதை அவிழ்க்கிறது. சிரிப்பு வந்த இடத்தில் கதை நின்றுவிடுகிறது. தம்மை ஒருவன் தாக்க வந்த நிகழ்வைத் தொடக்கத்தில் சிரிப்பாகச் சொன்ன அவர், பின்னர் அவன் திரும்பி வந்து உண்மையாகவே அடித்ததைச் சிரிப்பில்லாமல் சொல்லி முடித்தார்.

'வெறும் விளையாட்டுப் பேச்சுதானே' என்ற சமாதானத்தை உளவியலாளர் தாமஸ் ஃபோர்டும் அவருடன் பணியாற்றியவர்களும் சோதனைக்கு உட்படுத்தினர். அவர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெண்கள்மீது பகையுணர்வு மிகுந்த ஆண்கள் பெண்களை இழிவுபடுத்தும் நகைச்சுவைகளைக் கேட்ட பிறகு, பெண்கள் அமைப்பு ஒன்றுக்கு நன்கொடை தர முன்வந்த தொகை குறைந்தது. அதே இழிவை நகைச்சுவை இல்லாமல் நேராகச் சொன்னபோது அவ்வாறு நிகழவில்லை. நகைச்சுவை வெறுப்பைப் புதிதாக உண்டாக்குவதில்லை, உள்ளே இருப்பதைக் காட்டுவதற்கு இந்த இடத்தில் தடையில்லை என்று தெரிவிக்கிறது என்பது ஃபோர்டின் விளக்கம்.

அவ்வாறு தெரிவிக்கும் நகைச்சுவைகளில் மிகப் பழையதும் சலிக்காமல் நாடுவிட்டு நாடு போவதுமான ஒன்று, வன்புணர்வைத் தவிர்க்க முடியாதபோது அதை அனுபவித்துவிட வேண்டும் என்பது. டெக்சாஸ் ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளரான கிளேட்டன் வில்லியம்ஸ் 1990இல் தம் பண்ணையில் செய்தியாளர்களிடம் மோசமான வானிலையைப் பற்றிப் பேசும்போது இதைச் சொன்னார். கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் இருந்த அவர் ஆன் ரிச்சர்ட்ஸ் என்ற பெண்மணியிடம் தோற்றதற்குக் கூறப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. இந்தியாவில் மத்தியப் புலனாய்வுத் துறையின் அன்றைய இயக்குநர் ரஞ்சித் சின்ஹா, சூதாட்டத்தைத் தடுக்க முடியாவிட்டால் சட்டபூர்வமாக்கிவிடலாம் என்று வாதிட 2013 நவம்பரில் இதையே உவமையாக்கி, பிறகு வருத்தம் தெரிவித்தார்.

இந்த வாசகம் கேட்பவரிடம் கோரும் ஒப்புதல் தெளிவானது: வன்முறைக்கும் உறவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெண்ணின் எதிர்ப்பு மட்டுமே, எதிர்ப்பு ஓய்ந்தால் வன்முறையும் இல்லை. இது மேடைக்கு மட்டும் உரிய கருத்தாக இருந்ததில்லை. மகாராஷ்டிரத்தில் 1972இல் ஒரு பழங்குடிச் சிறுமி காவல் நிலையத்தில் வன்புணர்வுக்கு ஆளான வழக்கில், அச்சத்தால் அடங்கிப்போவது சம்மதமாகாது என்று உயர் நீதிமன்றம் கூறியிருந்தும், உடலில் காயம் இல்லை என்பதை முக்கியமாகக் கொண்டு உச்ச நீதிமன்றம் 1978இல் இரு காவலர்களை விடுவித்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார் உள்ளிட்ட நான்கு சட்ட அறிஞர்கள் 1979இல் எழுதிய திறந்த மடலும் அதைத் தொடர்ந்த போராட்டங்களும் 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கு இட்டுச் சென்றன. எனினும், உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதம் என்று கருதக்கூடாது என்ற விளக்கம் தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவில் சேர்ந்தது 2013இல்தான். நாட்டின் தலைமைப் புலனாய்வு அதிகாரி அந்த உவமையைச் சொன்னதும் அதே ஆண்டில்.

டெல்லியில் 2012 டிசம்பர் 16 அன்று நிகழ்ந்த கூட்டு வன்புணர்வுதான் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குத் தூண்டுதல். சரியாக ஒன்பது ஆண்டு கழித்து, 2021 டிசம்பர் 16 அன்று, பெலகாவியில் கூடிய கர்நாடகச் சட்டப்பேரவையில் மழைச் சேதம் பற்றிப் பேச உறுப்பினர்கள் எல்லோரும் நேரம் கேட்டனர். எல்லோருக்கும் சரி சொல்லி நிலைமையை அனுபவிக்க வேண்டியதுதான் போலிருக்கிறது என்று பேரவைத் தலைவர் விஸ்வேஸ்வர ஹெக்டே காகேரி அலுத்துக்கொள்ள, முன்னாள் பேரவைத் தலைவரான காங்கிரஸ் உறுப்பினர் கே. ஆர். ரமேஷ் குமார் எழுந்து அந்தப் பழைய வாசகத்தை எடுத்துவிட்டார். பாரதிய ஜனதாவைச் சேர்ந்த காகேரி சிரித்தார். கட்சிகளுக்கு இடையே நாள்தோறும் எழும் சுவர் அந்தக் கணத்தில் மட்டும் இல்லாமல் போயிற்று; ஃபிராய்ட் சொன்ன மூன்றாமவர் எதிர்வரிசையிலிருந்தே கிடைத்துவிட்டார். மறுநாள் ரமேஷ் குமார் மன்னிப்புக் கேட்டார். அவருடைய கட்சியையே சேர்ந்த அஞ்சலி நிம்பால்கர் முதலான பெண் உறுப்பினர்கள் இதைப் பற்றிப் பேச நேரம் கேட்டபோது, அவர்தாம் மன்னிப்புக் கேட்டுவிட்டாரே, இதை மேலும் வளர்க்க வேண்டாம் என்று பேரவைத் தலைவர் அடுத்த அலுவலுக்குப் போக முனைந்தார்.